நடுநிலை வகுப்புகளுக்கு ஐந்து பாடங்களையும் சேர்த்து ஆண்டுத் திட்டம் போடுவது எப்படி?

கேள்வி இது: “எங்கள் பள்ளியில் 6, 7, 8 வகுப்புகள். தமிழ்நாடு பாடத்திட்டம். ஒவ்வோர் ஆண்டும் கணிதம் முடியாமல் நிற்கிறது, சமூக அறிவியல் கடைசி வாரத்தில் ஓடுகிறது, அறிவியலில் செய்முறைக்கு நேரமே இல்லை. ஐந்து பாடங்களும் சமநிலையோடு போகும்படி ஆண்டுத் திட்டத்தை எப்படிப் போடுவது?”

முதலில் ‘சமநிலை’ பற்றி. ஐந்து பாடத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பீரியட் கொடுத்துவிட்டால் சமநிலை வந்துவிடாது. ஒரு பாடத்துக்கு இந்த மாதம் தேவைப்படும் அறிவை இன்னொரு பாடம் அடுத்த பருவத்தில்தான் தருகிறது என்றால் எத்தனை பீரியட் கொடுத்தாலும் அந்தப் பாடம் நிற்கும். உங்கள் அறிவியல் பாடம் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் கணிதப் புத்தகத்தின் வரிசை. அதனால் டைம்டேபிள் போடுவதற்கு முன் எந்தப் பாடம் எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகளில் இந்த வேலையை யாரும் செய்வதில்லை. ஏனென்றால் இது எந்தப் பாட ஆசிரியரின் வேலையும் இல்லை, தலைமையாசிரியர் உட்கார வைத்தால்தான் நடக்கும்.

கீழே சொல்வது 2018–19இல் ஆறாம் வகுப்புக்கும், 2019–20இல் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் வந்த நூல்களை வைத்து. மறுபதிப்பில் சில பாடங்கள் இடம் மாறியிருக்கலாம். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கில் தொடங்குவோம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1000 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. பள்ளி நாட்காட்டியில் சில ஆண்டுகள் அதற்குக் குறைவாகவும் வரும். ஒரு நாளைக்கு 40 நிமிடத்தில் எட்டு பாடவேளை என்றால் 5 மணி 20 நிமிடம். 220 நாளுக்கு 1,170 மணிக்கு மேல் வந்துவிடும். தாளில் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் பருவத் தேர்வு, சிறு தேர்வுகள், ஆண்டு விழா ஒத்திகை, விளையாட்டுப் போட்டி, மருத்துவ முகாம், ஆசிரியர் பயிற்சி, எமிஸ் (மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும்) வேலை என்று கழித்தால் நான்கில் மூன்று பங்கு நாள்தான் உண்மையான வகுப்பு. திட்டத்தை 165 நாளுக்குப் போடுங்கள். 220க்குப் போட்டால் ஆகஸ்டிலேயே பின்தங்கிவிடுவீர்கள்.

மூன்று பருவமும் ஒரே நீளம் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. முதல் பருவத்தில் நாட்காட்டியில் 75–80 நாள் இருந்தால் கையில் நிற்பது 60. இரண்டாம் பருவம்தான் ஆளை விழுங்கும். காலாண்டு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, அரையாண்டுத் தேர்வு எல்லாம் அக்டோபர்–டிசம்பருக்குள் வருகின்றன. கடலோர, டெல்டா மாவட்டம் என்றால் மழை விடுமுறைக்கென்று குறைந்தது ஐந்து நாளை இப்போதே கழித்துவிடுங்கள். மூன்றாம் பருவம் நீளமாகத் தெரியும், ஆனால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியாக இருந்து அது பொதுத் தேர்வு மையமும் ஆகிவிட்டால் மார்ச்சில் அறையும் இருக்காது, ஆசிரியரும் இருக்கமாட்டார். தனி நடுநிலைப் பள்ளிக்கு இந்தத் தொல்லை குறைவு.

அடுத்து வாரக் கணக்கு. 40 பாடவேளையில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் நான்குக்கும் தலா 7, சமூக அறிவியலுக்கு 6 என்று வைத்தால் 34. மீதி ஆறில் உடற்கல்வி 2, நூலகம் 1, ஓவியம் அல்லது கைத்தொழில் 1, கணினி 1, மன்றம் 1. இந்த ஆறைத் தொடாதீர்கள். கணிதம் முடியவில்லை என்று உடற்கல்வி பீரியடைக் கேட்கும் பழக்கம் ஜூலையில் தொடங்கினால் மார்ச் வரை நிற்காது. கேட்டு வாங்கிய பீரியடில் பிள்ளைகள் கணக்குப் போடுவதும் இல்லை, மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆசிரியர் எண்ணிக்கையோடு இதைப் பொருத்திப் பாருங்கள். சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அதில் அறிவியல்–கணிதத்துக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். மூன்று வகுப்புக்கும் சேர்த்து முதன்மைப் பாடங்கள் மட்டும் 102 பாடவேளை. மொழி ஆசிரியர் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் எடுத்தால் 42. வாரத்தில் இருப்பதே 40! கணிதம்–அறிவியலும் அப்படியே 42. சமூக அறிவியல் ஆசிரியருக்கோ 18தான். ஆகவே இந்தப் பாடப் பிரிவினையை உடைத்தே தீர வேண்டும். நடைமுறையில் பொருந்துவது இப்படி: மொழி ஆசிரியருக்குத் தமிழ் மூன்று வகுப்பும் ஆங்கிலம் இரண்டு வகுப்பும் (35). கணித ஆசிரியருக்குக் கணிதம் மூன்று வகுப்பும், 7, 8ஆம் வகுப்பு அறிவியலும் (35). சமூக அறிவியல் ஆசிரியருக்கு அவர் பாடம் 18, ஆறாம் வகுப்பு அறிவியல் 7, ஒரு வகுப்பின் ஆங்கிலம் 7 (32). தலைமையாசிரியர் ஒரு வகுப்பின் ஆங்கிலத்தை ஏற்றுக்கொண்டால் மீதி 95, ஆளுக்கு 32க்குள் அடங்கும். 35 பாடவேளை எடுப்பவர் பாடக்குறிப்பு எழுதுவார், ஆனால் பாடத்துக்குத் தயாராகமாட்டார். நேரம் கிடையாது.

டைம்டேபிளில் இன்னொரு சிறு விஷயம். திங்கள் முதல் பீரியட் காலை வணக்கக் கூட்டத்தில் கரையும், வெள்ளி கடைசி பீரியட் தானாகவே கரையும். இந்த இரண்டு இடத்திலும் ஒரே பாடம் உட்காரக் கூடாது. பெரும்பாலும் அங்கே மாட்டுவது சமூக அறிவியல். பருவத்துக்கு ஒருமுறை சுழற்றுங்கள். அறிவியலுக்கு வாரத்தில் ஒருமுறை இரட்டைப் பாடவேளை வேண்டும். 40 நிமிடத்தில் பொருளை எடுத்து வைத்து, செய்து, கழுவி வைப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால்தான் செய்முறை நின்றுபோகிறது, ஆசிரியரின் சோம்பலால் அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று ஆண்டுப் பொருளடக்கத்தையும் நகலெடுத்து ஒரு நீள மேசையில் பரப்புங்கள். ஒவ்வொரு அறிவியல், சமூக அறிவியல் பாடத்துக்கும் பக்கத்தில் ‘இதற்கு எந்தக் கணிதம் வேண்டும்?’ என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தக் கணிதம் எந்த வகுப்பு, எந்தப் பருவத்தில் வருகிறது என்று தேடுங்கள். சில இடங்களில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருப்பது தெரியும்.

ஆறாம் வகுப்பு முதல் பருவ அறிவியலின் முதல் பாடமே அளவீடுகள். ஜூனிலேயே பிள்ளை அளவுகோலை வைத்து 4.3 செ.மீ. என்று படிக்க வேண்டும். கணிதத்தில் அளவைகள் வருவது இரண்டாம் பருவத்தில், தசமத்தை விரிவாக எடுப்பது ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில். ஆகவே ஆறில் ‘4 செ.மீ. 3 மி.மீ.’ என்றே எழுத விடுங்கள். புள்ளி வைக்கச் சொல்லி ஒரு வாரத்தை வீணாக்க வேண்டாம்.

அதே முதல் பருவத்தில் கணிதத்தில் விகிதம். 18 : 24 என்பதைச் சுருக்க மீப்பெரு பொதுக்காரணி தெரிந்தால் எளிது, அது இரண்டாம் பருவத்தில். பின்னமோ மூன்றாம் பருவத்தில். முதல் பருவத்தில் இரண்டால் வகு, மறுபடி மூன்றால் வகு என்று படிப்படியாக 3 : 4க்குக் கொண்டுவருவதே போதும். இரண்டாம் பருவத்தில் பொதுக்காரணி முடிந்த வாரம் விகிதத்துக்கு ஒரு பீரியட் திரும்பிப் போய், அதே கணக்கை ஒரே அடியில் போட வையுங்கள்.

சதவீதம் இன்னும் மோசம். காற்றில் நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம் என்பது ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவ அறிவியல். பூமியின் பரப்பில் சுமார் 71 சதவீதம் நீர் என்று புவியியல் சொல்லும். கணிதம் சதவீதத்தை எடுப்பது ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில். இடையில் ஓராண்டுக்கு மேல் பிள்ளை அந்தச் சொல்லைப் பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்கிறது. இதற்கு ஒரு பீரியட் போதும். கட்டம் போட்ட நோட்டில் 10க்கு 10 சதுரம் வரைந்து, 78 கட்டத்துக்கு ஒரு நிறம், 21க்கு ஒரு நிறம், மீதி ஒரு கட்டம் வெறுமையாக. அந்தத் தாளை நோட்டில் ஒட்டி வைத்தால் ஏழாம் வகுப்பில் கணித ஆசிரியர் அங்கிருந்தே தொடங்கலாம்.

மிக நெருக்கடியான இடம் ஏழாம் வகுப்பு முதல் பருவம். அறிவியலின் முதல் பாடத்திலேயே ஒளியாண்டு 9.46 × 10¹⁵ மீட்டர் என்று வந்து நிற்கிறது. அடுக்குகளைக் கணிதம் இரண்டாம் பருவத்தில்தான் தொடும். இரண்டு பீரியட் முன்னோட்டமாக எடுங்கள்: 10, 100, 1000 என்று எழுதிப் பூச்சியத்தை எண்ணி அடுக்காக எழுதுவது மட்டும். அடுக்கு விதிகள் எதுவும் வேண்டாம், அதற்கு அதன் நேரம் வரும்.

அடுத்தது அடர்த்தி. இதைச் செய்தே காட்ட வேண்டும். கருங்கல் ஜல்லி ஒன்று, 100 மி.லி. அளவுசாடி, மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசு போதும். முதலில் உலர்ந்த கல்லை எடை போடுங்கள், 54 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாடியில் 50 மி.லி. நீர். கல்லை நூலில் கட்டி மெல்ல இறக்கினால் மட்டம் 70க்கு ஏறும். கன அளவு 20 மி.லி., அதாவது 20 கன செ.மீ. 54 ÷ 20 = 2.7. தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவைதான். கல்லை நீரில் நனைத்தபின் எடை போட்டால் ஒட்டிய நீரும் சேரும். கல்லைப் போட்டால் சாடியின் அடி உடையும். வாய் அகன்ற பாத்திரத்தில் செய்தால் மட்டம் ஏறுவதே கண்ணுக்குத் தெரியாது. நீர்மட்டத்தின் வளைவில் அடிப்பகுதியைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டு மி.லி. கூடும். குனியாமல் மேலிருந்து படித்தால் இடமாறு தோற்றப்பிழை. கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழியை நூலை ஆட்டி விடுவிக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பாடம் நிற்கும் இடம் 54 ÷ 20தான், ஏனென்றால் மீதியைத் தசமமாகத் தொடர்ந்து வகுக்கப் பிள்ளைக்குப் பழக்கமில்லை. கணித ஆசிரியர் அந்த வாரம் முழுக்கள் பாடத்திலிருந்து ஒரு பீரியட் எடுத்து இந்த வகுத்தலை மட்டும் செய்துகொடுத்தால் சோதனை முழுமையாகும்.

விசையும் இயக்கமும் பாடத்தில் தொலைவு–காலம் வரைபடம். புள்ளி குறித்து வரைபடம் வரைவதைக் கணிதம் எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தில் எடுக்கிறது. ஆக, ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்தான் முதன்முதலில் வரைபடத்தாளைக் கையில் கொடுக்கிறார். எல்லாப் பிள்ளையும் செய்யும் ஒரே பிழை உண்டு. அட்டவணையில் காலம் 0, 5, 12, 20 நிமிடம் என்று இருந்தால் கிடைமட்ட அச்சில் இந்த நான்கு எண்களையும் சம இடைவெளியில் எழுதிவிடுவார்கள். சீரான வேகத்துக்கு வர வேண்டிய நேர்கோடு வளைந்துவிடும், சீரற்ற வேகமோ நேர்கோடாக வந்து நிற்கும். அச்சில் முதலில் 0, 5, 10, 15, 20 என்று எழுத வைத்து, 12ஐ அதன் இடத்தில் தேடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு முழு இரட்டைப் பாடவேளை ஒதுக்கத் தகும். அதே பருவத்துக் கணிதத்தில் நேர், எதிர் விகிதங்கள் நான்காம் பாடமாக இருக்கின்றன. அதை இயற்கணிதத்துக்கு முன்னால் கொண்டுவந்து இந்த வாரத்தோடு சேர்த்தால் வேகம் என்ற கருத்து இரண்டு பக்கமிருந்தும் பிடிபடும்.

பாடத்தை இடம் மாற்றுவதில் ஓர் எல்லை உண்டு. பருவத் தேர்வு வினாத்தாள் பெரும்பாலும் பொதுவாக வருகிறது. ஆகவே ஒரு பருவத்துக்குள் முன்பின் மாற்றலாம். பருவம் தாண்டி மாற்றினால் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். பருவம் தாண்டியவற்றுக்கு ஒன்றிரண்டு பீரியட் முன்னோட்டம்தான் வழி. எட்டாம் வகுப்புக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரே புத்தகம் என்பதால் அங்கே கொஞ்சம் இடம் கூடுதல், காலாண்டு, அரையாண்டுப் பகுதிகளைக் கெடுக்காமல் முன்னுக்கு இழுக்கலாம்.

அந்தச் சுதந்திரத்தை எட்டாம் வகுப்பில் இரண்டு இடத்தில் பயன்படுத்துங்கள். ஒன்று, புவியியலில் புவிப்படம் கற்கும் பாடம் கடைசியில் இருக்கிறது. அளவை, திசை, குறியீடு தெரியாமல் கண்டங்களையும் தொழிலகங்களையும் படித்து முடித்த பிறகு படத்தைப் படிக்கக் கற்பது தலைகீழ். அதன் அடிப்படையை ஜூனில் மூன்று பீரியடில் எடுத்துவிட்டு, முழுப் பாடத்தை அதன் இடத்திலேயே முடியுங்கள். மற்றொன்று, அறிவியலின் மின்னியல். சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டைக் கவரும் சோதனை, மின்னூட்டம் காட்டும் சோதனைகள் எல்லாம் காற்று உலர்ந்திருந்தால்தான் நடக்கும். நவம்பர் ஈரத்தில், அதுவும் கடலோரத்தில், மின்னூட்டம் தேங்காமல் கசிந்துவிடும், சோதனை தோற்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். செப்டம்பருக்குள் முடியுங்கள். முடியாவிட்டால் சோதனையை மட்டும் பிப்ரவரித் திருப்புதலில் செய்யுங்கள். தாவர உலகம் பாடத்துக்கு நேர்மாறு: மழை பெய்து இரண்டு வாரத்தில் பள்ளிச் சுற்றுச்சுவரிலேயே மாஸ் செடி படர்ந்திருக்கும், அப்போது எடுத்தால் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பு அறிவியலில் 23 பாடங்கள். 165 நாளில் 33 வாரம், வாரத்துக்கு 7 என்றால் 231 பாடவேளை, சராசரி பாடத்துக்குப் பத்து. ஆனால் சராசரியை வைத்துப் பிரிக்கக் கூடாது. அணு அமைப்பு, அமிலங்கள் காரங்கள், ஒளியியல் மூன்றுக்கும் 12–14 தேவை. கணினி தொடர்பான பாடத்துக்கு ஆய்வகத்தில் நான்கு போதும். வளரிளம் பருவம் பற்றிய பாடத்தைத் ‘தானாகப் படித்துக்கொள்ளுங்கள்’ என்று தள்ளுவது வழக்கமாகிவிட்டது. அதைத்தான் பிள்ளைகள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். பெண் ஆசிரியர், ஆண் ஆசிரியர் இருவருமே தயங்காமல் எடுக்கும்படி ஆறு பீரியட் கொடுங்கள்.

கணிதத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு, ஆறாம் வகுப்பு முதல் பருவம். 60 நாள், 12 வாரம், 84 பாடவேளை. எண்கள் 16, இயற்கணித அறிமுகம் 12, விகிதம் 18, வடிவியல் 14, புள்ளியியல் 9, தகவல் செயலாக்கம் 8. கூட்டினால் 77. மீதி ஏழு சிறு தேர்வுக்கும் திருத்தத்துக்கும். ‘கணிதம் முடியவில்லை’ என்பவர்களின் வேலைப் பதிவேட்டைப் பார்த்தால் முதல் பாடத்துக்கே முப்பது பீரியட் போயிருக்கும். காரணம், பிள்ளைகளுக்கு அடிப்படைச் செயல்கள் வராததால் ஆசிரியர் முதல் பாடத்துக்குள்ளேயே அதைச் சரிசெய்யப் பார்க்கிறார். அது அங்கே முடியாது. ஜூன் முதல் இரு வாரத்துக்குள் பத்து நிமிட அடிநிலைச் சோதனை வையுங்கள். 4002 − 1678 (கடன் வாங்கும்போது பூச்சியத்தைத் தாண்டத் தெரிகிறதா), 618 ÷ 6 (விடை 103, பாதிப் பேர் 13 என்று எழுதுவார்கள்), 47 × 36, கால் பங்கு அரைப் பங்கு இரண்டில் எது பெரியது. தவறுகிறவர்களைப் பெயரோடு பிரித்து, எந்தச் செயலில் தவறு என்பதைக் குறித்து, தினம் இருபது நிமிடம் தனியாக வேலை கொடுங்கள். அரசுப் பள்ளிகளில் இதற்கென்றே ‘திறன்’ என்ற பெயரில் தமிழ், ஆங்கிலம், கணிதத்துக்குப் பயிற்சிநூல் வந்திருக்கிறது, அதைப் பாடத்தோடு முட்டாத நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி நேரத்தில் மட்டும் வேண்டாம். கற்றலில் பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளியில் தலைநிமிரும் இடம் பல நேரம் அந்த மைதானம்தான்.

மொழிப் பாடங்களில் தமிழ் ஓரளவு ஒழுங்காகப் போகும். ஆண்டுக்கு ஒன்பது இயல், பருவத்துக்கு மூன்று, முதல் பருவத்தில் இயலுக்கு நான்கு வாரம், 28 பாடவேளை. கவிதைப்பேழைக்கு (செய்யுள்) 8, உரைநடைக்கு 6, விரிவானத்துக்கு (துணைப்பாடம்) 3, கற்கண்டுக்கு (இலக்கணம்) 5, எழுதுவதற்கு 4, மிச்சம் 2. எழுதுவதற்கான நான்கை யாரும் தருவதில்லை, வினா விடை எழுதுவதையே எழுத்துப் பயிற்சி என்று எண்ணிவிடுகிறோம். ஆறில் ஒரே பத்தி, ஏழில் கடிதமும் மூன்று பத்தியும், எட்டில் முழுக் கட்டுரை என்று மூன்று ஆண்டுக்கும் ஏணி வைத்துக்கொண்டால் ஒன்பதாம் வகுப்பில் திணறமாட்டார்கள். ஆங்கிலத்தில் வாரத்தின் ஏழு பீரியடில் ஒன்று கேட்டல்–பேசுதலுக்கும் ஒன்று உரக்க வாசிப்பதற்கும் ஒதுக்குங்கள். உரைநடையை வரிக்கு வரி தமிழில் சொல்லி முடிக்கும் முறையில் ஏழு பீரியடும் போய், பிள்ளை ஒரு வாக்கியம்கூட வாய் திறந்து சொல்லாமல் பருவம் முடிந்துவிடும்.

சமூக அறிவியலில் நான்கு பிரிவு. வரலாற்றை முடித்து, பிறகு புவியியல், பிறகு குடிமையியல் என்று வரிசையாகப் போனால் கடைசியில் இருப்பது நசுங்கும். வாரத்தில் வரலாறு 3, புவியியல் 2, குடிமையியல்–பொருளியல் 1 என்று இணையாக ஓட்டுங்கள். வாரம் பத்து நிமிடம் வெளிக்கோட்டுப் படத்தில் ஐந்து இடம் குறிப்பது தனி. வரலாற்றில் காலக்கணக்குப் பிழையைக் கணிதத்தோடு சேர்த்துத் திருத்தலாம். பொ.ஆ.மு. (கி.மு.) 300 முதல் பொ.ஆ. (கி.பி.) 200 வரை எத்தனை ஆண்டு என்றால் எல்லோரும் 500 என்பார்கள். பூச்சியம் என்ற ஆண்டு கிடையாது, ஆகவே 499. ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் முழுக்கள் வரும்போது எண்கோட்டில் பூச்சியம் இருக்கிறது, காலக்கோட்டில் இல்லை என்று இரண்டையும் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். அதே பருவத்தில் புவி மாதிரியும் வருகிறது. நிலநடுக்கோடு பூச்சியம், வடக்கும் தெற்கும் இரு பக்கம், முழுக்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். எட்டாம் வகுப்பில் பொருளியலின் பணம், சேமிப்பு, முதலீடு பாடத்தையும் கணிதத்தின் கூட்டுவட்டியையும் ஒரே பதினைந்து நாளுக்குள் வையுங்கள்.

மதிப்பீட்டில் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குப் பருவத்துக்கு வளரறி (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீடு) 40, தொகுத்தறி (பருவ இறுதித் தேர்வு) 60. வளரறியில் செயல்பாட்டுக்கு 20, சிறு தேர்வுக்கு 20. இங்கே நடக்கும் கூத்து எல்லோருக்கும் தெரியும். ஐந்து ஆசிரியரும் ஒரே வாரத்தில் செயல்திட்டம் கேட்பார்கள், பெற்றோர் ஞாயிறு இரவு ஸ்டேஷனரி கடையில் சார்ட்டும் படமும் வாங்கி ஒட்டுவார்கள், மதிப்பெண் விழும், பிள்ளை எதையும் தொட்டிருக்காது. செயல்பாட்டை வகுப்புக்குள்ளேயே முடிக்க வேண்டும், ஒரே வேலையை இரண்டு பாடத்தில் மதிப்பிடலாம். ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் தமிழில் ‘சிறகின் ஓசை’ பறவைகளின் வலசை பற்றியது, அறிவியலில் விலங்குகள் வாழும் உலகம். இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்து, ஊரில் தெரியும் பறவைகளில் ஒன்றை ஒரு வாரம் கவனித்து எழுதச் சொன்னால், கவனிப்புக்கு அறிவியல் ஆசிரியர் மதிப்பெண் போடட்டும், எழுத்துக்குத் தமிழாசிரியர் போடட்டும். அடர்த்திச் சோதனையின் செய்முறைக் குறிப்பையும் இப்படியே செய்யலாம். பாடத்துக்கு ஒரு வண்ணத்தில் ஆசிரியர் அறையில் மாத நாட்காட்டி மாட்டி, ஒரு வாரத்தில் ஒரு வகுப்புக்கு இரண்டு செயல்பாட்டுக்கு மேல் இல்லை என்று கட்டுப்பாடு வைத்தால் போதும்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு வருகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஏழைப் பிள்ளைக்குப் பெரிய தொகை, தயார் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்காக ஜனவரி, பிப்ரவரி முழுவதையும் பயிற்சி வகுப்பாக மாற்றுவது கணக்கிலும் பொருந்தாது. படிப்புத் திறன் தாளின் 90 மதிப்பெண்ணில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. பாடத்தை ஒழுங்காக நடத்தினாலே அந்தத் தாள் பாதி தயார். மனத்திறன் பகுதிக்கு மட்டும் ஜூலையிலிருந்து வாரம் ஒரு நாள் மாலை முக்கால் மணி நேரம் வையுங்கள்.

திட்டம் போட்டபின் அதைத் திருத்தும் நாளையும் திட்டத்திலேயே எழுதுங்கள். மாதத்தின் கடைசி வெள்ளி, அரை மணி நேரம், ஐந்து பாடத்துக்கும் ஒரே தாள்: திட்டமிட்ட பீரியட், எடுத்த பீரியட், நின்ற இடம். ஒரு பாடம் எட்டு பீரியடுக்கு மேல் பின்தங்கியிருந்தால் வேகத்தைக் கூட்ட வேண்டாம், பாடத்துக்குள் எதைச் சுருக்கலாம் என்று முடிவெடுங்கள். கணிதத்தில் ஒரே வகைக் கணக்கு இருபது இருந்தால் எட்டு போதும், சமூக அறிவியலில் கதையாக வாசிக்கக்கூடிய பகுதியை நூலக பீரியடில் வாசிக்க விடலாம். செய்முறையையும் எழுத்துப் பயிற்சியையும் மட்டும் வெட்டாதீர்கள், முதலில் கை போவது அவற்றின் மேல்தான். மார்ச் மாதத்து நிலவரத்தாளை அப்படியே பத்திரப்படுத்தி, அடுத்த ஜூனில் ஏழாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள். ஆறாம் வகுப்பில் பின்னம் எங்கே நின்றது என்று அவருக்கு முதல் நாளே தெரிய வேண்டும்.